கறி வைத்த ஒம்லெட்டும் ஓவன் இல்லாத முட்டைக் கசரோலும்

பாணோடு ஒரு முட்டைப் பொரியல் என்பது மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ யாருக்கும் புதிய காலைச் சாப்பாடு இல்லை. அந்தப் பொரியலுக்குள்ளேயே இறால், கிழங்கு, கீரை என்று வைத்து மடித்து, அது ஒன்றே மத்தியானம் வரை தாங்கும் சாப்பாடாக ஆக்குவதுதான் கொஞ்சம் வேறு வேலை. அதற்கும் மேலே ஒரு படி, ஆறு முட்டையை ஒரே தட்டில் ஊற்றி வேகவைத்துக் குடும்பத்துக்கே துண்டு போட்டுக் கொடுக்கும் கசரோல். அது ஓவன் உள்ள வீட்டுச் சமையல் என்று நினைத்துப் பலர் கிட்டவே போவதில்லை. உண்மையில் இரண்டையும் செய்யத் தேவையான கைப்பழக்கம் நம் அடுப்படியில் ஏற்கனவே இருக்கிறது. முட்டை அப்பத்துக்கு மூடி போடத் தெரிந்தவருக்கும், வட்டிலப்பம் அவிக்கத் தெரிந்தவருக்கும் புதிதாகப் படிக்க அதிகம் இல்லை. சூட்டில் முட்டை எப்படி இறுகுகிறது, அப்போது அதிலுள்ள தண்ணீர் என்ன ஆகிறது என்ற இரண்டை மட்டும் விளங்கிக்கொண்டால் போதும்.

ஒரு முட்டையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். புரதம் நூற்றுக்கு 12, 13 பங்கு, அதாவது ஒரு முட்டைக்கு 6 கிராம் அளவு. பச்சை முட்டையில் அந்தப் புரதங்கள் சுருண்ட இழைகளாகத் தனித்தனியே கிடக்கின்றன. சூடு ஏற ஏறச் சுருள் அவிழ்கிறது. அவிழ்ந்த இழைகள் ஒன்றையொன்று பற்றிப் பின்னிக்கொள்கின்றன. வாவியில் போட்ட வலை மீனைப் பிடிப்பது போல அந்தப் பின்னல் தண்ணீரைத் தன் கண்ணிகளுக்குள் பிடித்துக்கொள்கிறது. மெத்தென்ற ஒம்லெட் என்பது தண்ணீரை விடாமல் வைத்திருக்கும் பின்னல்தான். சூடு இன்னும் ஏறினால் இழைகள் இறுக்கிக்கொள்ளும், கண்ணிகள் சுருங்கும், பிடித்து வைத்த தண்ணீர் பிழிந்து வெளியே வரும். தட்டில் தண்ணீர் நிற்கும் கசரோலுக்கும், கடித்தால் சவ்வாக இழுபடும் ஒம்லெட்டுக்கும் காரணம் இது ஒன்றே.

இதெல்லாம் எந்தச் சூட்டில் நடக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வெள்ளைக்கரு 62, 63 பாகை செல்சியஸிலேயே இறுகத் தொடங்குகிறது. மஞ்சள்கரு 65 அளவில் தடித்து 70 அளவில் கட்டியாகிறது. பால் சேர்த்து அடித்தால் புரதங்கள் விலகி நிற்பதால் 80 பாகை வரை போக வேண்டியிருக்கும். தண்ணீர் கொதிப்பது 100 பாகையில். ஆக, முட்டை வேகத் தேவையான சூடு தண்ணீரின் கொதிநிலையை விடவே குறைவு. நாமோ எண்ணெய் புகையப் புகையத் தாச்சியைக் காயவைத்து முட்டையை ஊற்றுகிறோம். மெல்லிய பொரியலுக்கு அது சரி, ஓரம் மொறுமொறுவென்று வரும், எனக்கும் பிடிக்கும். உள்ளே கறி வைத்துத் தடிப்பாகச் செய்யும்போது அடி கருகி முடிந்திருக்கும், நடு இன்னும் பச்சையாக இருக்கும். தடிப்பு கூடக் கூட அடுப்பைக் குறைக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். முட்டை தன் தண்ணீரைத் தாங்கும். உள்ளே போகிற கறியின் தண்ணீரையும் அதன் தலையில் ஏற்றினால் தாங்காது. தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர், கீரையிலும் காளானிலும் 90க்கு மேல், வெங்காயத்தில் 89. பச்சையாக வெட்டி உள்ளே போட்டால் முட்டை இறுகும் அதே நேரத்தில் இவை தண்ணீரை விடும். முட்டைப் பொரியலுக்கு வெங்காயமும் கொச்சிக்காயும் பச்சையாகத்தானே போடுகிறோம் என்று கேட்கலாம். அங்கே முட்டை மெல்லிசு, வெங்காயம் கொஞ்சம், தாச்சியின் சூட்டில் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். ஒரு பிடி அளவு கறியை உள்ளே வைத்து மூடும்போது ஆவிக்குப் போக வழியில்லை. அதனால் உள்ளே வைக்கும் எதுவும் தனியாக வெந்து, தண்ணீர் வற்றியிருக்க வேண்டும். என் மாமி இதை ஒரே வரியில் சொல்லுவா: "புள்ள, கறி தண்ணி விட்டா முட்ட பிடிக்காது."

வாவி இறாலை வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். உரித்துக் கழுவிய இறாலை மஞ்சளும் உப்பும் போட்டுத் தாச்சியில் போட்டவுடன் அது சிவந்து சுருளும், கூடவே சாம்பல் வெள்ளையாகத் தண்ணீர் விடும். நாம் ஒரு சொட்டும் ஊற்றியிருக்க மாட்டோம், ஆனாலும் இறால் பாதி மூழ்கி நிற்கும். அந்தத் தண்ணீர் முழுவதும் முட்டைக்குள் போயிருக்க வேண்டியது. நெருப்பைக் கூட்டி அதை வற்ற விடுங்கள். கொதிச் சத்தம் அடங்கி, எண்ணெயில் பொரியும் சடசட சத்தம் கேட்கும்போது தண்ணீர் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் நறுக்கிய வெங்காயம், கொச்சிக்காய், கறிவேப்பிலை. இறால் நெடுநேரம் வெந்தால் இறுகிவிடுமே என்று பயமிருந்தால், இறாலை வெளியே எடுத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் வற்றவைத்து, அந்தச் சாற்றிலேயே வெங்காயத்தை வதக்கி, கடைசியில் இறாலைத் திரும்பப் போடலாம். ருசி ஒரு துளியும் வீணாகாது. நான் இந்த முறையைத்தான் சொல்லுவேன்.

மற்றவற்றுக்கு இவ்வளவு பாடு இல்லை. உருளைக்கிழங்கை அவித்துச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, கடுகு, பெருஞ்சீரகம், செத்தல் மிளகாயோடு பிரட்டி வைத்தால் அதுவே பாதி வயிற்றை நிரப்பும். கிழங்கின் மாச்சத்து மிச்சத் தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்ளும், ஆகவே புதிதாகச் செய்கிறவர் கிழங்கில் தொடங்குவது நல்லது. முருங்கையிலையும் முட்டையும் சேரும் என்பதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வறையாக வறுத்துத் தேங்காய்ப்பூ கொஞ்சம் தூவிவிட்டால் உள்ளே வைக்க அருமையான கறி. மிஞ்சின மீன் பிரட்டலை முள் பார்த்து உதிர்த்து வைக்கலாம். டின் மீன் என்றால் தண்ணீரை வடித்துவிட்டு வறுக்க வேண்டும். கூனியும் மாசியும் காய்ந்த சாமான்கள், தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை. உப்பை மட்டும் பார்த்துப் போடுங்கள், அவற்றில் ஏற்கனவே இருக்கிறது.

சரி, இப்போது ஒம்லெட். எட்டு அங்குல அகலத் தாச்சிக்கு மூன்று முட்டை கணக்கு. ஊர்க்கோழி முட்டை சிறிது, ஆகவே நான்கு போடலாம். ஒவ்வொன்றையும் முதலில் சின்னக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள், கூழ்முட்டை ஒன்று எல்லாவற்றையும் கெடுத்துவிடும். உப்பை அடிக்கும்போதே போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் நல்லது. இழைகள் ஒன்றையொன்று மிக இறுக்கமாகப் பிடிப்பதை உப்பு தடுக்கும், ஒம்லெட் மெதுவாக வரும். முள்ளுக்கரண்டியால் அடிக்கும்போது வெள்ளைக்கரு தனியாக நூல் இழுக்காத வரை அடித்தால் போதும், நுரை பொங்க அடிப்பதில் இந்த வகைக்குப் பயன் இல்லை.

அடுப்பு நடுத்தரத்துக்கும் கீழே. பட்டர் போட்டால் அடுப்பின் சூட்டை அதுவே காட்டித்தரும். பட்டரிலும் நூற்றுக்கு 16 பங்கு அளவு தண்ணீர் இருக்கிறது. அது கொதித்து நுரைக்கும், பிறகு நுரை அடங்கும். அடங்கின நேரம் முட்டையை ஊற்றலாம். பழுப்பாகி வாசனை மாறினால் சூடு கூடிவிட்டது. தேங்காய் எண்ணெயில் செய்தால் இந்த அடையாளம் கிடைக்காது, ஒரு துளி முட்டையை விட்டுப் பாருங்கள். மெல்ல வெளுத்து இறுகினால் சரி, சீறிப் பொங்கினால் தாச்சியைச் சற்று இறக்கி வையுங்கள்.

ஊற்றியவுடன் தொடாதீர்கள். ஓரம் வெளுத்து இறுகியதும் தட்டகப்பையால் அந்த ஓரத்தை நடுவுக்குத் தள்ளி, தாச்சியைச் சாய்த்து, மேலே நிற்கும் பச்சை முட்டையை வெறுமையான இடத்துக்கு ஓட விடுங்கள். சுற்றிவர நான்கைந்து இடத்தில் இப்படிச் செய்தால் மேலே ஓடுகிற முட்டை இல்லாமல் போகும், ஆனால் மேற்பரப்பு ஈரமாகப் பளபளக்கும். கறி வைக்கும் நேரம் அதுதான். மூன்று முட்டைக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டி கறி, அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம், மடிக்கும்போது கிழியும். கறியைப் பாதி வட்டத்தில் பரப்பி மற்றப் பாதியால் மூடி, மூடி போட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். தாச்சியில் மிஞ்சியிருக்கும் சூடு ஒரு நிமிடத்தில் உட்பக்கத்தை முடித்துத் தரும். முட்டை அப்பத்தில் மூடிக்குள் நிற்கும் ஆவி மேலிருந்து முட்டையை வேகவைப்பதும் இதே வழியில்தான்.

கறி சூடாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரிட்ஜில் இருந்து எடுத்த கறியை அப்படியே வைத்தால் அதைச் சுற்றியுள்ள முட்டை குளிர்ந்து பச்சையாகவே நின்றுவிடும். முட்டையில் சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். 71 பாகைக்குப் போனால் அது அழிந்துவிடும், அதாவது முட்டை ஓடாமல் முழுதாக இறுகியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்குச் செய்யும்போது பளபளப்பும் போகும்வரை மூடி வைத்து வேகவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தேசிக்காய் பிழிய விரும்பினால் தட்டில் வைத்த பிறகு பிழியுங்கள். பச்சை முட்டையில் புளி சேர்ந்தால் இழைகள் அவசரமாகப் பின்னி இறுகிவிடும்.

மடிப்பது சரிவரவில்லை என்றால் மடிக்காமலே செய்யலாம். ஸ்பெயினில் கிழங்கையும் முட்டையையும் கலந்து தடிப்பாக வேகவைத்துக் கவிழ்த்து எடுக்கிறார்கள். இத்தாலியில் பிரிட்டாட்டா, ஈரானில் கீரை நிறையச் சேர்த்த குக்கு என்று ஊருக்கு ஊர் இதற்கு ஒரு வடிவம் உண்டு. கறி முட்டைக்குள் கலந்து நிற்கும், சின்ன நெருப்பில் மூடி வைத்தால் போதும். கசரோலுக்குப் போகும் பாதி வழி இது.

கசரோல் என்பது தட்டில் வேகும் தடித்த முட்டை. ஒம்லெட்டில் தாச்சியின் அடிச் சூடு மட்டும் வேலை செய்யும். இங்கே சூடு எல்லாப் பக்கமிருந்தும் மெதுவாக வருகிறது, ஆகவே பால் சேர்க்க இடமிருக்கிறது. பால் சேர்ந்தால் இழைகள் விலகி நின்று மென்மையாகப் பின்னும், பாலிலுள்ள கொழுப்பு அதை இன்னும் மிருதுவாக்கும். ஒரு முட்டை அதிகமாகப் போனால் 120 மில்லிலீட்டர் பாலைத் தாங்கும், அது கரண்டியால் அள்ளும் பதம். துண்டு போட வேண்டுமென்றால் அதில் பாதிக்கும் குறைவாக எடுங்கள். ஆறு முட்டை, 200 மில்லிலீட்டர் பால், தண்ணீர் வற்றிய கறி இரண்டு தேநீர்க் கோப்பை என்பது எட்டு அங்குலத் தட்டுக்குப் பொருத்தமான அளவு, நான்கு பேர் திருப்தியாகச் சாப்பிடலாம். பசும்பால் இல்லாவிட்டால் பால்மாவைக் கரைத்து ஆறவைத்து ஊற்றலாம். சூடாக ஊற்றினால் முட்டை அங்கேயே திரிந்துவிடும். பாதிக்குப் பாதி தேங்காய்க் கட்டிப்பால் சேர்த்தால் இறால் கசரோல் ஒரு தனி ருசிக்குப் போகும்.

ஓவன் இருந்தால் 175 பாகையில் 35 முதல் 40 நிமிடம். இல்லாதவர்களுக்கு வட்டிலப்பம் இருக்கிறது. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று எந்த ஊரிலும் நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் அவிக்கத் தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலக்காய். இனிப்பை எடுத்துவிட்டு உப்பும் கறியும் போட்டால் அது காலைச் சாப்பாட்டுக் கசரோல். அவிக்கும் முறையில் ஒன்றும் மாறாது. இடியப்பம் அவிக்கும் பானையிலோ, அடியில் ஒரு தாங்கி வைத்த பெரிய சட்டியிலோ தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, நெருப்பைக் குறைத்துவிட்டு, எண்ணெய் தடவிய தட்டை இறக்குங்கள். கலவை இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் வேண்டாம்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஆவியின் சூடு 100 பாகை, நமக்கு வேண்டியது 80. நெருப்பைக் கூட்டி வைத்தால் முட்டைக்குள் இருக்கும் தண்ணீர் குமிழிவிட்டு ஓட்டை ஓட்டையாகும். வட்டிலப்பத்தில் அந்த ஓட்டைகளை விரும்பிக் கேட்கிறவர்கள் உண்டு, கருப்பட்டிப் பாணி அதற்குள் இறங்கி நிற்கும். உப்புக் கசரோலில் ஓட்டை வந்தால் துண்டு போட்டவுடன் தண்ணீர் தட்டில் வடியும். அதனால் தண்ணீர் மெல்லச் சலசலக்கும் அளவு நெருப்புப் போதும், மூடியை ஒரு விரல் அளவு விலக்கி வைத்தாலும் நல்லது. அப்புறம், மூடியில் படியும் ஆவி சொட்டுச் சொட்டாக முட்டை மேல் விழும். மூடியைச் சுற்றி ஒரு துணி கட்டுங்கள், அல்லது தட்டின் வாயை அலுமினியத் தாளால் மூடுங்கள். 30 நிமிடத்தில் பார்க்கலாம்.

வெந்ததா என்று அறிய மணிக்கூட்டை விடத் தட்டை நம்பலாம். தட்டை இலேசாக ஆட்டிப் பாருங்கள். ஓரம் அசையாமல், நடு மட்டும் ஒரே கட்டியாகத் தளதளத்தால் எடுத்துவிடலாம். நடு அலையடித்தால் இன்னும் ஐந்து நிமிடம். மெல்லிய கத்தியை நடுவில் குத்தி எடுத்தால் பச்சைப் பால் ஒட்டக்கூடாது. இறக்கியவுடன் வெட்டாதீர்கள், பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். ஓரத்துச் சூடு அதற்குள் நடுவுக்குப் போய் அதையும் இறுக்கும். வீட்டில் எல்லோரும் தட்டோடு வந்து நின்றாலும் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுங்கள், துண்டு உடையாமல் வரும்.

வயிறு நிறைய வேண்டுமென்றால் பாண் சேர்த்த கசரோல்தான் என் தெரிவு. அரை இறாத்தல் பாண், அதுவும் நேற்றையது. புதுப் பாண் ஊறினால் களியாகிவிடும், காய்ந்த பாண் பாலை உறிஞ்சியும் வடிவம் கெடாமல் நிற்கும். சதுரமாக வெட்டித் தட்டில் பரப்பி, கறியை இடையில் போட்டு, ஆறு முட்டையும் 400 மில்லிலீட்டர் பாலும் அடித்து ஊற்றுங்கள். பாண் குடிக்கும் என்பதால்தான் பால் இரண்டு மடங்கு. இரவே ஊற்றிப் பிரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் அவிக்கும் வேலை மட்டும் மிச்சம். குளிர்ந்து இருப்பதால் இன்னும் பத்து நிமிடம் கூடப் பிடிக்கும். நோன்புக் காலத்தில் சஹருக்கு இது மிக உதவி, நித்திரைத் தூக்கத்தில் வெங்காயம் வெட்ட வேண்டியதில்லை. வெள்ளாமைக் காலத்தில் விடியமுன் படுவான்கரைப் பக்கம் வயலுக்குப் போகிறவர்களுக்கும் அப்படித்தான். முட்டை, பாண், இறால் மூன்றும் ஒரு துண்டில் இருந்தால் பத்து மணிக்குப் பசி எடுக்காது.

பாணுக்குப் பதில் மிஞ்சின இடியப்பத்தை உதிர்த்துப் பரப்பலாம். அது ஏற்கனவே வெந்த மா, பாண் அளவுக்குப் பால் குடிக்காது, ஆகவே பாலை 200 மில்லிலீட்டருக்குத் திரும்பக் குறையுங்கள். பிட்டு வேண்டாம் என்பது என் கருத்து. அது பாலில் கரைந்து அடியில் மாவாகப் படிந்துவிடும், முட்டை மேலே தனியாக நிற்கும். தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பல் இருந்தால் வேறொன்றும் வேண்டாம்.

துண்டு போடும்போது விளிம்பில் சாம்பல் பச்சை நிறம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். நெடுநேரம் சூட்டில் இருந்த முட்டையில் மஞ்சள்கருவின் இரும்பும் வெள்ளைக்கருவின் கந்தகமும் சேர்வதால் வருவது அது, சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. அடுத்த முறை நேரத்தோடு இறக்குங்கள், அடுப்பிலேயே சூடாக வைத்திருக்க வேண்டாம்.

மிஞ்சினதை மேசையில் மூடி வைத்துவிட்டு மத்தியானம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். வெந்த முட்டையை வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெக்கை 32 பாகையைத் தாண்டும் நாட்களில் ஒரு மணித்தியாலம்தான். சித்திரை வெயிலில் நம் ஊரில் அந்த ஒரு மணித்தியாலக் கணக்கையே எடுங்கள். ஆறியதும் துண்டு துண்டாக வெட்டி மூடியுள்ள பெட்டியில் பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். திரும்பச் சூடாக்கும்போது தாச்சியில் கொஞ்சம் பட்டர் விட்டு, துண்டைச் சரித்து வைத்து, வெட்டுப் பக்கம் இரண்டையும் சின்ன நெருப்பில் வாட்டி எடுங்கள். வெட்டுப் பக்கம் பொன்னிறமாகி, உள்ளே ஆவி பறக்கச் சூடாகிவிட்டால் தட்டுக்கு மாற்றலாம்.